மரமும் ஜிப்சம் போர்ட்டும் சந்திக்கும் விளிம்பு: எங்கே பிழைக்கிறது, எப்படிச் சரிசெய்வது

ஜிப்சம் போர்ட் வேலையில் நடுப்பகுதி யாருக்கும் தலையிடி தருவதில்லை. எட்டுக்கு நாலு பலகையை நிறுத்தி, ஸ்குரூ போட்டு, மூட்டுக்கு டேப் ஒட்டிப் பூசிவிட்டால் சுவர் ஆகிவிடும். தலையிடி எல்லாம் ஓரத்தில்தான், அதுவும் அந்த ஓரம் மரத்தில் போய் முட்டுகிற இடத்தில்: கதவு நிலைக்குப் பக்கத்தில், யன்னல் சட்டத்தைச் சுற்றி, சீலிங் போய்க் கூரையைத் தாங்கும் பனை வளையைத் தொடும் இடத்தில். வன்னியில் இது எங்களுக்கு அடிக்கடி வருகிற வேலை. நிலையும் யன்னலும் முதிரை, பாலை, தேக்கு என்று நல்ல மரத்தில் இருக்கும், கூரை பனஞ்சலாகையில் நிற்கும், பிள்ளைகள் வளர்ந்து இன்னொரு அறை தேவைப்படும்போது விறாந்தையைப் பிரித்து ஜிப்சம் மறைப்புப் போடுவார்கள், அல்லது தகரத்தின் வெக்கை தாங்காமல் சீலிங் அடிப்பார்கள். பழைய மரமும் புதிய போர்ட்டும் அப்படித்தான் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நிற்கின்றன.

கீழே அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதற்குப் போங்கள். ஆனால் ஒரு விசயத்தை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கீழே வரும் திருத்தங்களில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வருகின்றன. மரம் வருசம் முழுக்க அசையும். ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி வரை ஈரத்தைக் குடித்து ஊதும், வைகாசியில் சோளகம் எழும்பினால் ஆவணி வரை காய்ந்து ஒடுங்கும். ஜிப்சம் போர்ட் அப்படி அசைவதில்லை. அசைகிறதையும் அசையாததையும் இறுக்கிப் பூசி ஒன்றாக்க முயன்றால் பூச்சுத்தான் கிழியும். அதனால் போர்ட்டின் விளிம்பைத் தனியே முடித்து, மரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை அசையக்கூடிய ஒன்றால் நிரப்பவேண்டும் அல்லது மூடவேண்டும்.

மரத்தின் ஓரமாக மயிரிழை வெடிப்பு, எத்தனை முறை பூசினாலும் திரும்ப வருகிறது

இதுதான் எல்லாரும் சொல்வது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் அம்மா ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிலையைக் காட்டினார். "தம்பி, தைக்குப் பூசினது, ஆடியிலை பார் எப்பிடி வாயைத் திறந்து நிக்குதெண்டு. நாலாம் தரம்." நான் ஒரு கடதாசித் துண்டை அந்த வெடிப்பில் வைத்துத் தள்ளினேன், தடையில்லாமல் உள்ளே போனது, இழுத்தால் அதே மாதிரி வழுக்கி வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, நாலு தரமும் மூட்டுக்குப் பூசுகிற ஃபில்லரைத்தான் அந்த இடத்தில் அடைத்திருக்கிறார்கள். ஃபில்லர் காய்ந்தால் கல்லு மாதிரி, இழுபடாது.

இழுபடக்கூடியது சீலன்ட், காய்ந்தாலும் ரப்பர் மாதிரி நிற்கிற பசை. ஆனால் வெடிப்பைக் கண்டவுடன் சீலன்ட் கன்னைத் தூக்கவேண்டாம். வெடிப்பு எங்கே, எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். மரமும் பூச்சும் தொடும் கோட்டிலேயே, அடிமட்டம் வைத்த மாதிரி நேராக ஓடினால் அது பருவத்துக்கு ஏற்ப மரம் அசைவதால் வருவது. மரத்திலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி, அதற்குச் சமாந்தரமாக ஓடினால் போர்ட்டின் ஓரத்துக்குப் பின்னால் பிடிமானம் இல்லை, உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே போய்வரும். நிலையின் மேல் மூலையிலிருந்து சரிவாக மேல்நோக்கி ஓடினால், போர்ட்டின் மூட்டு நேரே அந்த மூலையில் வந்து விழுந்திருக்கிறது, கதவு அடிபடும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலைதான் இழுபடுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவதுக்கு, அதாவது நேர்க்கோட்டு வெடிப்புக்கு, பூசி மூடுவதை விட்டுவிட்டு வெடிப்பை நன்றாகத் திறக்கவேண்டும். இது கேட்கிறவர்களுக்கு ஏறுமாறாகத் தெரியும், அதனால் கணக்கைச் சொல்கிறேன். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது அகலத்தில் கூடியது 5.8 சதவீதம் வரை ஒடுங்கும், நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வீட்டில் நிற்கிற மரம் அவ்வளவு தூரம் போகாது. 100 மில்லிமீற்றர் அகலச் சட்டம் ஒன்றின் ஈரப்பதம் மாரிக்கும் கோடைக்கும் இடையில் நாலு சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், முக்கால் மில்லிமீற்றர் அளவில் அசையும், இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் பக்கத்துக்கு அதில் பாதி. சின்னக் கணக்குத்தான். ஆனால் உங்கள் இடைவெளியே ஒரு மில்லிமீற்றர் என்றால் அதில் இருக்கிற சீலன்ட் தன் அகலத்தில் நாற்பது சதவீதம் இழுபடவேண்டும், கடையில் கிடைக்கிற சாதாரண அக்ரிலிக் அவ்வளவு தாங்காது. அதே அசைவு ஐந்து மில்லிமீற்றர் இடைவெளியில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. இடைவெளி அகலமாக இருந்தால்தான் அதில் இருப்பது கிழியாது.

ஆகவே பேப்பர் கட்டரால் மரத்தின் ஓரமாக ஒரு கோடு, அதிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு கோடு கிழித்து, நடுவில் இருக்கிற பழைய ஃபில்லரையும் போர்ட்டையும் எடுத்துவிடுங்கள். மேசன்மார் கணக்கில் ஒன்றரை நூல். மரத்துக்கு மூன்று நாலு பட்டை மாஸ்கிங் டேப்பை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிவிட்டு வெட்டினால் கத்தி தவறினாலும் பொலிஷில் கீறு விழாது. இப்போது போர்ட்டின் அறுத்த ஓரம் வெளியே தெரியும், அதைக் கையோடு முடிக்கவேண்டும். எல் வடிவத்தில் வரும் பி.வி.சி பீட், அதாவது ஓரப்பட்டி, இதற்கென்றே இருக்கிறது. குட்டைக் காலை இடைவெளிக்குள்ளும் நீளக் காலைப் போர்ட்டின் முகத்திலும் வைத்து, முகத்துக் காலின் மேல் இரண்டு மூன்று தடவை மெல்லிசாக ஃபில்லர் இழுத்தால் போர்ட்டின் ஓரம் கூரான நேர்க்கோடாக நிற்கும். பீட்டின் தடிப்பு இடைவெளியிலிருந்து கழியும், அதை முன்கூட்டிக் கணக்கில் எடுங்கள்.

பீட் காய்ந்த பிறகுதான் சீலன்ட். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீலன்ட் இரண்டு பக்கத்திலும் மட்டும் ஒட்டினால் ரப்பர் பட்டி மாதிரி இழுபட்டுத் திரும்பும், அடியிலும் ஒட்டிவிட்டால் மூன்று பக்கமும் பிடித்து நடுவில் கிழியும். அதனால் இடைவெளியின் அடியில் நுரைக் கயிறு ஒன்றைத் தள்ளிவிட்டு அதன் மேல் சீலன்ட்டை விடவேண்டும். நுரைக் கயிறு கிளிநொச்சிக் கடைகளில் கேட்டுக் கிடைக்காவிட்டால் வழுவழுப்பான பிளாஸ்டிக் டேப்பை ஒடுக்கமாக வெட்டி அடியில் ஒட்டிவிடுங்கள், அதில் சீலன்ட் பிடிக்காது, தேவை அதுதான். பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். தேக்கு என்றால் அதன் எண்ணெய்ப் பிடிப்பு எதையும் ஒட்டவிடாது, தின்னரில் நனைத்த துணியால் ஓரத்தை அழுத்தித் துடைத்து, யன்னலைத் திறந்து வைத்து, முழுக்க உலர்ந்த பிறகு விடுங்கள். துடைத்த துணியில் மஞ்சள் கபிலமாக ஏறுவதைப் பார்த்தாலே எவ்வளவு எண்ணெய் என்று விளங்கும்.

காலமும் முக்கியம். மார்கழியில் மரம் ஊதி இடைவெளி ஒடுங்கி நிற்கும்போது சீலன்ட் விட்டால் கோடை முழுக்க அது இழுபட்டே இருக்கும். ஆவணியில் விட்டால் மாரியில் நெரிபட்டுப் பிதுங்கும், ஆனால் கிழியாது. முடிந்தால் பங்குனி சித்திரையில் செய்யுங்கள், இரண்டுக்கும் நடு. அந்த அம்மாவின் வீட்டில் ஆடியில்தான் செய்தோம், மாரியில் மெல்லிசாக ஒரு வரம்பு மாதிரி பிதுங்கியது, பெயின்ட்டுக்கு மேலே அது தெரியாத அளவுதான்.

இரண்டாவது வகைக்கு, அழுத்தினால் போய்வருகிற ஓரத்துக்கு, பூச்சு வேலை எதுவும் உதவாது. போர்ட்டின் ஓரத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கவேண்டும். இல்லையென்றால் போர்ட்டில் ஒரு பட்டியை அறுத்து எடுத்து உள்ளே ரீப்பை, அதாவது மெல்லிய மரச் சட்டம், வைத்துத் திரும்ப மூடவேண்டும். சட்டம் இருந்து ஸ்குரூ மட்டும் பிடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஸ்குரூ ஓரத்துக்கு மிகக் கிட்டப் போட்டதால் போர்ட் உடைந்திருக்கும். கடதாசி மூடிய தொழிற்சாலை ஓரத்திலிருந்து 10 மில்லிமீற்றர், அறுத்த ஓரத்திலிருந்து 15 மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப் போடுங்கள். ஸ்குரூத் தலை கடதாசியை உள்ளே அமுக்கவேண்டும், கிழிக்கக்கூடாது. கடதாசிதான் பலகையின் பலம், அது கிழிந்தால் அந்த ஸ்குரூ கணக்கில் இல்லை, இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள்.

மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்புக்கு முதலில் நிலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முதிரைக் கதவு பாரம் கூடியது, மெல்லிய தகரச் சட்டத்தில் மட்டும் அந்த நிலையைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு தடவை கதவு சாத்தும்போதும் மறைப்பு முழுக்க அதிரும். சட்டத்தின் பொந்துக்குள் தரையிலிருந்து மேல் வரை மரத்துண்டு இறக்கி, நிலையை நீள ஸ்குரூவால் அந்த மரத்தில் பிடிக்கவேண்டும். முதிரைக்கும் பாலைக்கும் துளை போடாமல் ஸ்குரூ ஏற்றினால் ஸ்குரூ முறியும், இதை எத்தனை தரம் சொன்னாலும் அவசரத்தில் மறந்துபோகிறோம். அதன் பிறகு மூலையில் இருக்கிற மூட்டை அகற்றி, நிலையைச் சுற்றி ஒரே பலகையில் ட வடிவத்தில் வெட்டி மாட்டினால் மூட்டு மூலையை விட்டுத் தள்ளிப் போய்விடும்.

அறுத்த ஓரம் உதிர்கிறது, கடதாசி எழும்புகிறது

ஜிப்சம் போர்ட் என்பது இரண்டு தடித்த கடதாசிக்கு நடுவில் தண்ணீரில் குழைத்த ஜிப்சம் மாவை இறுகவைத்து எடுத்த பலகை. தொழிற்சாலையில் நீளப் பக்கத்து ஓரத்தைக் கடதாசி சுற்றி மூடியிருக்கும். நாங்கள் அறுத்தால் வெள்ளை நெஞ்சு வெளியே வந்துவிடும், அந்த ஓரம் விரல் பட்டாலே உதிரும்.

உதிர்கிற ஓரத்தின் மேல் நேரே பூசாதீர்கள். தளர்ந்த மாவை விரலாலும் தூரிகையாலும் தட்டி எடுங்கள். எழும்பி நிற்கிற கடதாசியைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் ஒரு முழம் கிழிந்துகொண்டு போகும், அதனால் புது பிளேடை உள்நோக்கிச் சரித்துப் பிடித்து, உறுதியான கடதாசி தொடங்கும் இடத்தில் வெட்டிவிடுங்கள். ஓரத்தை 45 பாகையில் கொஞ்சம் சீவினால் கடதாசியின் முனை பின்வாங்கி நிற்கும், பூசும்போது அது நிமிர்ந்து தெரியாது. வெளியே வந்த நெஞ்சுக்கும் கிழிந்த கபிலக் கடதாசிக்கும் ஒரு கோட் எண்ணெய்ப் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். தண்ணீர்ப் பூச்சு நேரே பட்டால் கபிலக் கடதாசி கொப்புளம் போடும், அந்தக் கொப்புளத்தை மறைக்க நீங்கள் திரும்பவும் பூச, அது திரும்பவும் எழும்பும்.

ஓரம் உடைந்து பள்ளமாக இருந்தால், மாவாக வந்து தண்ணீரில் கலக்க இறுகுகிற ஃபில்லரைப் பாவியுங்கள். வாளியில் கலந்தே வருகிற கொம்பவுண்ட் தண்ணீர் வற்றித்தான் காய்கிறது, வற்றும்போது சுருங்கும், ஆழமான பள்ளத்தில் நடுவில் வெடிக்கும். அது கடைசி மெல்லிய கோட்டுக்கு நல்லது, சாண்ட் பேப்பர் பிடிக்க இலேசு.

புதிதாக வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தில் பொலிஷ் வேலை முடிந்து, அதன் பக்கத்தில் போர்ட்டின் ஓரம் வெளியே தெரியப்போகிறது என்று முன்னமே தெரிந்தால் ஜே பீட் வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தை மூன்று பக்கமும் கவ்விக்கொள்ளும். ஆனால் அது பலகையை நிறுத்த முன்னர் மாட்டவேண்டியது, பின்னால் யோசித்தால் எல் பீட்தான் வழி.

பீடிங் அடித்தும் ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறது, பீடிங் ஆடுகிறது

மெல்லிய மரப் பட்டியான பீடிங்கால் இடைவெளியை மூடுவது பழைய முறை, இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த முறை. ஒழுங்காகச் செய்தால் சீலன்ட்டே தேவையில்லை. இது பிழைப்பதற்கு இரண்டு காரணம் கண்டிருக்கிறேன்.

ஒன்று, போர்ட்டின் நீள ஓரத்தை மரத்தோடு வைத்திருப்பார்கள். மூட்டில் டேப்பும் பூச்சும் அமர்வதற்காகத் தொழிற்சாலையிலேயே அந்த ஓரத்தைச் சரித்து மெலிதாக்கித்தான் அனுப்புகிறார்கள். நிலையின் மட்டத்துக்குப் பலகை சரியாக நின்றாலும் ஓரம் மட்டும் தாழ்ந்து நிற்கும், அதன் மேல் பீடிங் வைத்தால் கீழே கறுப்பாக நிழல் ஓடும். மட்டப்பலகையைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், சரிவு கண்ணுக்குத் தெரியும். பீடிங்கைக் கழற்றி, அந்தச் சரிவை ஃபில்லரால் நிரப்பி மட்டமாக்கிவிட்டுத் திரும்ப அடியுங்கள். சரிவில்லாத சதுர ஓரப் பலகை கிடைத்தால் மரத்துப் பக்கத்துக்கு அதையே வையுங்கள்.

மற்றது ஆணி. பீடிங்கை மரத்திலும் போர்ட்டிலும் சேர்த்து அடித்தால் மரம் அசையும்போது பீடிங் நடுவில் நின்று இரண்டு பக்கமும் இழுபடும், போர்ட்டில் ஏறிய ஆணி அதன் துளையை அகலமாக்கி ஆடத் தொடங்கும். ஆணி மரத்துக்கு மட்டும். பீடிங்கின் மற்றப் பாதி போர்ட்டின் முகத்தில் சும்மா படிந்து, மரம் போனால் கூடப் போய், வந்தால் கூட வரவேண்டும். பீடிங்குக்கும் போர்ட்டுக்கும் நடுவில் பெயின்ட் கட்டியாக இறுகி ஒட்டிவிட்டாலும் அதே வெடிப்புத்தான், அதனால் சுவர்ப் பெயின்ட்டை முதலே முடித்துவிட்டு, தனியே பொலிஷ் அடித்து வைத்த பீடிங்கைக் கடைசியாக அடியுங்கள்.

சீலிங் பனை வளையைத் தொடும் இடம் கோணலாக இருக்கிறது, காற்றுக்கு வெடிக்கிறது

மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில் வளைகள் வெளியே தெரியவேண்டும், சீலிங் அவற்றுக்கு நடுவில் வரவேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக்கார ஐயா அந்தப் பனைகளைத் தன் காணியிலேயே தறித்து எடுத்தவர், வைரம் ஏறிக் கறுப்பு நார் மின்னுகிற வளைகள், மூடினால் பாவம்தான். ஆனால் பனை வளை எதுவும் நேர் இல்லை. செதுக்கிய கோடாலியின் தடம் முகத்தில் அப்படியே இருக்கும், ஒரு முனையில் நாலு அங்குலம் என்றால் மற்ற முனையில் ஐந்து. நேராக அறுத்த போர்ட்டை அதில் கொண்டுபோய் வைத்தால் ஒரு இடத்தில் முட்டும், இன்னொரு இடத்தில் விரல் நுழையும். அந்த இடைவெளியை ஃபில்லரால் நிரப்பியிருந்தார்கள், அது துண்டு துண்டாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது.

இதற்குப் போர்ட்டின் ஓரத்தை வளையின் வடிவத்துக்கே அறுக்கவேண்டும். போர்ட்டை வளைக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டக் கொண்டுபோய், வளைக்குச் சமாந்தரமாக இரண்டு பேர் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்பு வாஷரை எடுத்து, அதன் துளையில் பென்சில் முனையை வைத்து, வாஷரின் விளிம்பு வளையை விட்டு விலகாமல் உருட்டிக்கொண்டே போனால், வளையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பென்சில் கோடாகப் போர்ட்டில் விழும். இடைவெளி எங்கேயாவது வாஷரின் துளைக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள தூரத்தை விடப் பெரிதென்றால் பெரிய வாஷர் எடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் பென்சில் போர்ட்டில் படாது. கோட்டில் கை வாளால் அறுத்து, அரத்தால் இலேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பனைச் சிராய் கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், கையுறை போடுங்கள்.

அறுத்த பிறகும் முட்ட வைக்கவேண்டாம். எட்டுப் பத்து மில்லிமீற்றர் நிழல் இடைவெளி விடுங்கள். சோளகம் அடிக்கும்போது கூரை மூச்சு விடுகிற மாதிரி மேலும் கீழும் போய்வரும், தகரக் கூரை என்றால் காதாலேயே கேட்கலாம். அந்த அசைவு மரம் ஒடுங்குவதை விடப் பெரிது, சீலன்ட் எதுவும் அதைத் தாங்கி நிற்காது. சீலிங்கின் சட்டத்தைக் கூரையில் தொங்கவிடாமல் சுவரிலேயே கட்டி எடுத்து, போர்ட்டைப் பனஞ்சலாகையில் ஸ்குரூ போடாமல் விட்டால் கூரை தன்பாட்டில் அசையும், சீலிங் தன்பாட்டில் நிற்கும். இடைவெளிக்குள் தெரிகிற ஓரத்துக்குப் பிரைமரும் கறுப்புப் பெயின்ட்டும் அடித்தோம். கீழே நின்று பார்த்தால் வளையைச் சுற்றி மை தீட்டின மாதிரி ஒரே சீராகத் தெரிந்தது, ஐயா கதிரையைப் போட்டு இருந்து கனநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே பழைய அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் அதில் துளை போடுவதோ தேய்ப்பதோ வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாதது. ஜிப்சம் தூசிக்கும் முகமூடி போட்டுத்தான் தேய்க்கவேண்டும்.

நிலையின் அடியில் போர்ட் ஊதி மெதுமெதுவென்று இருக்கிறது

நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் அது போய்விட்டது, காயவைத்துப் பூசினாலும் பழைய உறுதி வராது. தரையில் இருந்து போர்ட் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி. எங்கள் வீடுகளில் தரையை வாளித் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறோம், விறாந்தையை மறைத்துப் போட்ட அறை என்றால் மழைச் சாரலும் வரும், அதனால் இது அடிக்கடி நடக்கிறது.

கெட்ட பகுதிக்கு மேலே ஒரு அடி வரை நேராக அறுத்து எடுத்துவிட்டு, ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகையை, தரையிலிருந்து 10 மில்லிமீற்றர் தூக்கி மாட்டுங்கள். பச்சைப் பலகையும் தண்ணீரில் நிற்கக்கூடியது இல்லை, கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். அடி ஓரத்தைப் பிரைமரால் மூடி, சுவரின் அடியில் ஓடுகிற மரப் பலகையால் (ஸ்கேர்ட்டிங்) அந்த இடைவெளியை மறையுங்கள். அந்த மரப் பலகையின் அடியும் பொலிஷ் படாத வெறும் மரமாக இருக்கும், மாட்ட முன்னர் அதற்கும் ஒரு கோட் அடியுங்கள். நிலையின் காலும் அப்படித்தான், நிலையின் கால் தண்ணீர் குடித்தால் பக்கத்துப் போர்ட்டுக்கும் அதுதான் கொடுக்கும்.

விளிம்போடு மண்கோடு ஏறுகிறது

கறையான். இதில் பூச்சு வேலையை உடனே நிறுத்துங்கள். முதிரையையும் பாலை வைரத்தையும் அது சுலபத்தில் தொடாது, ஆனால் போர்ட்டின் கடதாசி அதற்கு நல்ல சாப்பாடு, மரத்துக்கும் போர்ட்டுக்கும் நடுவில் இருக்கிற இருட்டு இடைவெளி அது போக நல்ல பாதை. மண்கோட்டைத் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கடதாசி மட்டும் தோலாக நிற்கும், விரல் வைத்தால் உள்ளே போகும்.

கோட்டைத் தரை வரை பின்தொடர்ந்து, எந்த வெடிப்பால் ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள். கடதாசி வெறும் கூடாக இருக்கிற பகுதியை அறுத்து எறியுங்கள், உள்ளே இருக்கிற ரீப்பைகளையும் தட்டிப் பாருங்கள், சத்தம் பொத்தென்று கேட்டால் அதையும் மாற்றவேண்டும். புது ரீப்பைக்குப் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசிக் காயவைத்து மாட்டலாம், மழை படுகிற இடத்தில் அது கரைந்துபோகும் என்பதால் உள்ளுக்கு மட்டும். நிலத்துக்கு மருந்து அடிப்பதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள், கிணறு பக்கத்தில் இருக்கிற வீடுகளில் அது விளையாட்டு வேலை இல்லை. இன்னொன்று, இடைவெளியை நிரப்ப மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வெள்ளைச் சுவரில் மரத்தோரம் கபிலக் கறை

கறைக்கு வட்ட வட்டமாக ஓரம் இருந்து, மழைக்குப் பிறகு பெரிதானால் அது கூரை ஒழுக்கு, ஏறிப் பாருங்கள். ஓரம் இல்லாமல் மரத்தின் நீளத்துக்கு மங்கலாக ஓடினால் மரத்தின் சாயம் தண்ணீர்ப் பெயின்ட்டில் ஊறி வருகிறது. தண்ணீர்ப் பெயின்ட் எத்தனை கோட் அடித்தாலும் ஊறும். எண்ணெய்ப் பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு இரவு காயவிட்டு, அதன் மேல் சுவர்ப் பெயின்ட் அடித்தால் நின்றுவிடும். மரத்தின் மறைகிற பக்கத்துக்கும் அதே பிரைமரை மாட்ட முன்னரே அடித்திருந்தால் இது வந்தே இராது.

சீலன்ட்டின் மேல் பெயின்ட் பிடிக்கவில்லை, முத்து முத்தாக உருள்கிறது

சிலிக்கன் பாவித்திருக்கிறார்கள். குளியலறைக்கு வாங்கிய மிச்சக் குழாய் கையில் இருந்திருக்கும். அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, அக்ரிலிக்கும் ஒட்டாது. கத்தியால் இரண்டு பக்கமும் கீறி, நீளமாக உரித்து எடுத்து, மிச்சம் ஒட்டியிருக்கிற மினுமினுப்புப் போகும் வரை சுரண்டவேண்டும். போர்ட்டுப் பக்கத்தில் அது கடதாசியையும் கொண்டுவரும், அப்படி வந்தால் மேலே சொன்ன பிரைமர், பிறகு மெல்லிய ஃபில்லர். எல்லாம் காய்ந்த பிறகு அக்ரிலிக்.

பெயின்ட் கோடு மரத்தில் வழிந்து பல்லுப் பல்லாக நிற்கிறது

மாஸ்கிங் டேப் ஒட்டியும் இப்படி வந்தால், டேப்பின் ஓரம் அழுத்தப்படவில்லை, அல்லது கோடாலித் தடம் இருக்கிற மரத்தில் அது படியவே இல்லை. டேப்பை ஒட்டி, பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் ஓரத்தால் அழுத்தி ஓடுங்கள். அதன் மேல் நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாக ஒரு தரம் இழுத்துவிட்டால் டேப்புக்கு அடியால் போகக்கூடிய வழியை அது அடைத்துவிடும், பிறகு அடிக்கிற சுவர் நிறம் உள்ளே போகாது. கடைசி கோட் இன்னும் ஈரமாக இருக்கும்போதே டேப்பை மரத்துப் பக்கமாக மடித்து, 45 பாகையில், மெதுவாக இழுங்கள். காயவிட்டால் பெயின்ட் தோல் டேப்போடு சேர்ந்து கிழிந்து வரும். அப்படி ஏற்கெனவே காய்ந்துவிட்டதென்றால் இழுக்காமல், டேப்பின் ஓரமாகப் புது பிளேடால் ஒரு கோடு கீறிவிட்டு எடுங்கள்.